ஊசி காட்டிய வடக்கு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்து மருமகளில் போய் முடிகிறது. எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இன்று காந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு மூடும்போது கடைசி விரற்கடையில் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறதே, அந்தக் கதவோரத்து ரப்பருக்குள் காந்தப் பட்டை இருக்கிறது. ரேடியோ பேசுவதும் சைக்கிள் டைனமோ விளக்கு எரிவதும் காந்தத்தால்தான். இதெல்லாம் இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். நமக்கு அந்த வயதில் தெரிந்தது, இரும்பைப் பிடிக்கும் இரும்பு என்று ஒன்று உண்டு என்பது மட்டும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை நான் இரண்டாக்கிவிட்டேன் என்று பதினாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை, பாதி பொய்.

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலைக்குக் கீழே எங்கள் காடு. காடு என்றால் மரங்கள் அடர்ந்த காடு இல்லை, எங்கள் பக்கத்தில் விளைநிலத்துக்கே அதுதான் பெயர். அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாகப் பயிர் செய்தார்கள். வீடு இரண்டு, வாசல் ஒன்று. பெரியப்பாவின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் மரியாதையெல்லாம் கிடையாது. எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது, பாவாடை கட்டிய சின்னப் பெண்.

அந்த வருஷம் ஐப்பசி மழை முடிந்ததும், அம்மாவின் தம்பி, என் மாமா, சேலத்திலிருந்து வந்தார். பஸ் வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. கையில் எப்போதும் கிரீஸ் வாடை. பழைய பஸ் இஞ்சினில் பொறி உண்டாக்குகிற பெட்டி ஒன்று இருக்குமாம், மேக்னட்டோ என்பார். அது உடைந்துபோனதால் அதற்குள் இருந்த லாடம் போன்ற இரும்பை எனக்கென்று துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கறுப்பாக, கனமாக, கையில் வைத்தால் சில்லென்று இருந்தது. அம்மாவின் அரிவாள்மனை மேல் வைத்தேன், 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. பிடுங்க முடியாமல் அரிவாள்மனையோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மா போட்ட கூச்சலில் பெரியப்பாவே வந்துவிட்டார்.

"அடேயப்பா! இது உடும்பாட்டம் புடிக்குதே சாமி!" என்று அதை வாங்கித் தன் இடுப்புச் சாவிக்கொத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, வேட்டியை உதறி நின்று காட்டினார். பெரிய ஆள், சின்னப் பிள்ளை விளையாட்டு.

எங்கள் ஓடையில் மழை ஓய்ந்த பிறகு மணலில் கறுப்புக் கோடு கோடாக ஒன்று படியும். மைம்மணல் என்போம். மலையிலிருந்து வருவது. அதன் அருகே லாடத்தைக் கொண்டுபோனதும் வெள்ளை மணல் அப்படியே கிடக்க, கறுப்பு மட்டும் எழுந்து வந்து மயிர் மயிராகச் சிலிர்த்து நின்றது. அக்கா, "ஐயோ, கம்பளிப்பூச்சி!" என்று கையை உதறினாள். பிறகு நாங்களே ஒன்று கண்டுபிடித்தோம். உள்ளங்கையில் மைம்மணலைக் கொட்டி, புறங்கைக்குக் கீழே லாடத்தை நகர்த்தினால், உள்ளங்கையில் மணல் எழுந்து நடக்கும். சதையும் எலும்பும் நடுவில் இருப்பது அதற்குத் தெரியவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இன்னொன்று மாமா சொல்லிக் கொடுத்தார். தையல் ஊசியை லாடத்தில் ஒரே பக்கமாக நாற்பது ஐம்பது தடவை தேய்த்து, ஒரு வேப்பிலைமேல் வைத்துத் தண்ணீர்த் தட்டத்தில் மிதக்கவிட்டால் அது வடக்கே திரும்பி நிற்கும். நின்றது. ஆனால் எங்கள் வாசலில் அது துருவ நட்சத்திரம் தெரியும் பக்கம் நிற்காமல் மேற்கே, மாட்டுக்கொட்டகைப் பக்கமாகச் சாய்ந்தே நின்றது. எத்தனை தடவை திருப்பினாலும் அங்கேதான். "உம்பட ஊசி மக்கு ஊசி" என்றாள் அக்கா. நானும் ஊசியைத்தான் குற்றம் சொன்னேன்.

லாடம் யாருடையது என்று எங்களுக்குள் தினமும் அடிதடி. ஒருநாள் இழுத்த இழுப்பில் அது ஆட்டுக்கல்மேல் விழுந்து வளைவில் இரண்டாக உடைந்தது. நான் அழுதேன். ஒரு பாதியில் சக்தி இருக்கும், மற்றது செத்துவிடும், செத்தது என் தலையில்தான் கட்டப்படும் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் இரண்டும் பிடித்தன. அதிலும் உடைந்த முனை, அதுவரை எதையும் சரியாகப் பிடிக்காத இடம், அதுவும் ஊசியைப் பிடித்தது. உடைத்தால் குறையாமல் இரண்டாகிற சாமானை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம்.

இனி நான் அடி வாங்கிய கதை. என் தம்பிக்குக் காதுகுத்து. அத்தை, அப்பாவின் தங்கை, குழந்தைக்கு வெள்ளி அரைஞாண்கொடி கொண்டு வந்திருந்தார். ஊரே உட்கார்ந்திருக்கிறது. பொன்னும் வெள்ளியும் செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது என்பது எனக்கு அதற்குள் அத்துப்படி, வீட்டில் ஒரு பாத்திரம் விடாமல் ஒட்டிப் பார்த்திருந்தேன். அரைஞாணைத் தட்டில் வைத்ததும் என் பாதியை அருகில் கொண்டுபோனேன். கொடி துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

"அத்தே, இது வெள்ளி இல்லீங்க. உள்ள இரும்புங்க. பாருங்க, ஒட்டுது!"

அத்தையை எந்தக் கடைக்காரன் ஏமாற்றினானோ, பாவம். அவர் முகம் செத்துப்போனது. அழுதுகொண்டே பந்திக்குக்கூட உட்காராமல் வண்டி ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா புளிய விளாறை எடுத்தார். அப்பா நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் கை நிற்காது. சொன்னது பொய் என்று அவர் அடிக்கவில்லை, நாலு பேர் முன்னால் சொன்னதற்கு அடித்தார். கணுக்காலிலிருந்து தொடைவரை வரி வரியாக எழும்பி, இரண்டு இடத்தில் தோல் கிழிந்தது. பெரியப்பா ஓடிவந்து நடுவில் நின்றார். ஒரு அடி அவர் முன்கையில் விழுந்தது.

"புள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கறயே, உனக்கென்ன பித்தாடா? செத்துகித்துப் போனா என்ன பண்ணுவே?"

"நீங்க வெலகுங்கண்ணா."

"வெலக மாட்டேன். என்னைய அடி."

அப்பா விளாறை வீசிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். பெரியம்மா விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் காலில் பூசிவிட்டார்.

அது நடந்து பத்து நாள் ஆவதற்குள் காடு பாகம் பிரிக்கிற நாள் வந்தது. அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வருவதற்கு முன்னால் பிரிந்துகொள்ளலாம் என்று பெரியப்பாதான் யோசனை சொன்னார். ஒரே தகராறு, கிணறு யாருக்கு என்பது. இருந்தது ஒரே கிணறு. தகராறு என்றா சொன்னேன்? இருவரும் வேண்டாம் வேண்டாம் என்ற தகராறு.

"கெணத்துப் பக்கத்த நீயே எடுத்துக்கடா. உனக்குக் கொழந்தைக ரெண்டு" என்றார் பெரியப்பா.

"அதெப்படீங்கண்ணா? அண்ணன ஏச்சுப்போட்டான்னு ஊரு பேசுமுங்க."

"அப்ப ஊசி சொல்லட்டும். ஊசிக்கு அண்ணன் தம்பி தெரியாது."

இப்படித்தான் முடிவானது. தெற்கு வரப்பில் நடுவாக ஒரு கல் இருந்தது. அதில் நின்று காம்பஸ் ஊசி காட்டுகிற வடக்கே ஓடைவரை ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே, மலைப்பக்கம், அப்பாவுக்கு. கிழக்கே பெரியப்பாவுக்கு. கிணறு எந்தப் பக்கம் விழுகிறதோ அவருக்கு. கிணறு ஓடையோரமாக, கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே வரும் என்பது கண்ணால் பார்த்தவர்களுக்கே தெரியும். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "கெணறு உனக்குத்தான் உழும். எனக்கு வாரத்துக்கு மூணு நாள் தண்ணி உடு, போதும்" என்றார். மலையே இரும்பாக நிற்கிற ஊரில் போய் ஊசியை நடுநிலையாளி என்று நம்பினார்கள் எங்கள் வீட்டுப் பெரிய மனிதர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாகம் அளக்க வருகிறவருக்கு, கல் நட்டு முடிகிறவரை, பங்காளிகள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அவர் கை நனைத்த வீட்டுக்குச் சாதகமாக அளந்தார் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது. மூன்றாம் மனிதர் வீட்டில்தான் சாப்பாடு. அன்று மணியக்காரர் வீட்டில் ஏற்பாடாகியிருந்தது.

சர்வேக்காரர் சேலத்திலிருந்து வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தொந்தியும் மூக்குக்கண்ணாடியுமாக. தோல்பைக்குள் பித்தளை டப்பி. மூடியைத் திறந்தால் கண்ணாடிக்கு அடியில் நீல ஊசி ஒன்று நடுங்கி நடுங்கி நின்றது. எங்கள் வேப்பிலை ஊசிக்கு இது மகாராணி. "தொடக்கூடாது பாப்பா" என்று ஒரு தடவை காட்டிவிட்டு மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கும் அக்காவுக்கும் வேறு நினைப்பே இல்லை. எங்கள் பாதியை அதன் அருகே கொண்டுபோனால் என்ன ஆகும்?

காலையில் எல்லைகளைச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். கோடு போடுவது பிற்பகலுக்கு. நடுப்பகலில் பெரியப்பா கல் ஏற்றிவர வண்டி கட்டிக்கொண்டு போனார். அப்பா ஓடைப்பக்கம் முள் வெட்டுகிறவர்களோடு இருந்தார். சர்வேக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு மணியக்காரர் வீட்டுக்குப் போய்விட்டால் டப்பி எங்கள் கையில் கிடைக்காது. அன்று பெரியம்மாவின் அண்ணன் வந்திருந்ததால் அவர்கள் வீட்டில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யோசனை அக்காவுடையது. வாய் என்னுடையது.

"ஏனுங்க, எங்கப்பா உங்களப் பெரியப்பா ஊட்டுலயே சாப்படச் சொன்னாங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்கப்பாவா சொன்னாரு? அப்படிச் சாப்பிடக் கூடாதே. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"ஆமாங்க. சம்மதந்தானுங்க."

"மணியக்காரர் ஊட்டுல வெறுங் களியும் கீரையுந்தானுங்க" என்று அக்கா மரத்துக்குப் பின்னாலிருந்து சேர்த்தாள்.

குழம்பு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. மனிதர் எழுந்துவிட்டார். பெரியம்மாவிடமும் அதையே சொன்னோம், இரண்டு அப்பாக்களும் சொன்னார்கள் என்று. அவர் பாவம், இலையைப் போட்டுவிட்டார். சர்வேக்காரர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தார். குறட்டை வந்ததும் நாங்கள் பையைத் திறந்தோம்.

என் பாதியை அருகே கொண்டுபோனதும் அந்த நீல ஊசி பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்றது. காந்தத்தை எடுத்துவிட்டோம். ஆடி ஆடி நின்றது. முன்பு நின்ற பக்கமா, வேறு பக்கமா? அக்கா "அதே பக்கந்தான்" என்றாள். எனக்கு நிச்சயமில்லை. மூடிப் பையில் வைத்துவிட்டு ஓடிவிட்டோம்.

பிற்பகல் நடுக்கல்லில் முக்காலியை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஆட்களை "இன்னும் மேற்கே, இன்னும் மேற்கே" என்று கையால் நகர்த்தினார். கோடு மலைப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய் ஓடையைத் தொட்டபோது கிணறு கோட்டுக்குக் கிழக்கே, பெரியப்பா பக்கம் கிடந்தது. ஆறடி இருக்கும். பெரியப்பாவே திகைத்துப்போய், "இன்னொருக்காப் பாருங்க சாமி" என்றார். அதே கல்லில் நின்று இன்னொரு தடவை பார்த்தார். அதேதான். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "ஊசி சொல்லிருச்சுங்க, கல்ல நடுங்க" என்றார். கல் நட்டார்கள். சர்வேக்காரர் சாயங்கால வண்டியில் ஊருக்குப் போய்விட்டார்.

அதோடு நின்றிருக்கும். அப்பா வாக்கு மாறுகிற மனிதர் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் மணியக்காரர் வாசலுக்கு வந்தார்.

"என்னப்பா, ஆக்கிவெச்ச சோறு அப்பிடியே ஆறிக் கெடக்குது. உங்க அண்ணன் ஊட்டுல கோழியாமா? அங்கயே முடிச்சுட்டாராமா உங்க சர்வேக்காரரு?"

அப்பா எழுந்து வாசலின் நடுவில் போய் நின்றார். "ஏனுங்கண்ணா, அளக்க வந்தவரு உங்க ஊட்டுல சாப்புட்டாருங்களா?"

பெரியப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கதவோரத்தில் நின்று, "ஆமாங்க, போட்டனுங்க" என்றார். நீங்கள் இரண்டு பேரும் சொல்லித்தானே போட்டேன் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அப்பா திரும்பிவிட்டார். "அப்பச் செரீங்க" என்றார். அவ்வளவுதான். யார் கூட்டி வந்தது, எதற்கு என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். கேட்கமாட்டார். அதைக் கேட்பதே கேவலம் என்று நினைக்கிற ஜாதி மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உள்ளே வந்து அம்மாவிடம், "கோழிக் கொழம்புல ஊசி சாஞ்சுபோச்சு" என்றார். நான் தானியக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சொல்லவேண்டும் என்று தெரிந்தது. கால் வரிகள் இன்னும் எரிந்தன. சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா வந்தார். அப்பா எருதுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"கோடு கெடக்குது உடுடா. கெணத்துத் தண்ணியில செரிபாதி நீ எறைச்சுக்க."

"பிச்சை வேண்டாமுங்க."

"பிச்சையா? நேத்து நடந்தது என்னன்னா..." என்று பெரியப்பா ஆரம்பித்தார். கதவருகில் நான் நின்றிருந்தேன். அவர் பார்வை என்மேல் விழுந்தது, என் முகத்தில் இல்லை, பாவாடைக்குக் கீழே காலில். வாயை மூடிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்மேல் கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன். நம்மிடம் பேசாமல் போகிற பெரியவர்கள் எல்லாரும் கோபமாகப் போகிறார்கள் என்றுதான் அந்த வயதில் நினைப்போம்.

ஊசியைக் கெடுத்தது என் காந்தம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துக் காட்டில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது என் பாதியை அந்தப் பெரிய அடுப்புக்குள் எறிந்தேன். மூன்றாம் நாள் சாம்பல் வாரிக் கொட்டிய குப்பையில் அது கிடந்தது. எடுத்து ஊசியை ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நெருப்பில் போட்டால் காந்தம் செத்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் நிம்மதி ஒன்றும் வரவில்லை.

வாசலின் நடுவில் மண்சுவர் எழும்பியது. அக்காவும் நானும் பேசக்கூடாது என்று உத்தரவு. அப்பா தன் பாகத்தில் புதுக் கிணறு வெட்டினார். முப்பது அடிக்குக் கீழே கரும்பாறை. உளி முனை மழுங்கியதே தவிரத் தண்ணீர் கண்ணில் படவில்லை. மானாவாரியாகச் சோளமும் கொள்ளும் விதைத்துவிட்டு, வருஷத்தில் பாதி நாள் பாரவண்டி ஓட்டிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மூட்டை ஏற்றிப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் கரும்பு நின்றது. கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைக்கிற சத்தம் விடியற்காலையில் கேட்கும். அப்பா அப்போது புரண்டு படுப்பார். அண்ணன் என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. "அந்தாளு" என்பார்.

நான் படித்து வாத்தியாரம்மாவாகி ராசிபுரம் பக்கம் வேலைக்குப் போனேன். யுத்த காலத்தில் ஒரு கோடை விடுமுறைக்கு வந்தபோது, மலையில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அரசாங்கத்து மனிதர் ஒருவர் ஊர்ச்சாவடிக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார். பட்டணத்துக்காரர், பேசப் பிரியப்படுகிறவர். காம்பஸ் வைத்துக் காடு பிரித்த கதையை, சர்வேக்காரர் சாப்பிட்ட சாப்பாட்டோடு சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இந்த ஊர்லயா? காம்பஸ் வச்சா? இந்த மலையில பாதி இரும்புக் கல்லும்மா. அதுவும் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இழுக்காது. சிலது மேல எப்பவோ இடி விழுந்திருக்கும். அந்த அடியில கல்லே காந்தமாயிடும். வாங்க, காட்டறேன்."

எங்கள் நடுக்கல்லில் ஊசியை வைத்தார். மலைப்பக்கம் சாய்ந்தது. இருபது அடி நகர்ந்தார், சாய்வு வேறு மாதிரி. ஓடையோரப் பாறை அருகே போனதும் ஊசி அரை வட்டம் சுற்றிவந்து தெற்கே நின்றது. "ஓடை முனையில நின்னு ஊசி வச்சு இந்தக் கல்லை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாலே, ரெண்டும் ஒத்துவராம தப்பு தெரிஞ்சிருக்கும். வயிறு நிறைய சாப்பிட்டா யாருக்கு நடக்கத் தோணும்?" என்றார்.

என் நெஞ்சில் இருந்ததைக் கேட்டேன். "யாராச்சும் சின்னப் புள்ள ஒரு காந்தத்தக் காட்டியிருந்தா இப்படிச் சாயுமாங்க?"

"தலைகீழா வேணா மாறும். வடக்கு தெற்காயிடும். இப்படிக் கொஞ்சமா சாயாது. இது மலை பண்ணின வேலை."

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா வண்டி அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மலை, இரும்பு, இடி, சாய்ந்த ஊசி. பெரியப்பா யாரையும் விலைக்கு வாங்கவில்லை, சர்வேக்காரர் யாருக்கும் சாய்க்கவில்லை. அப்பா கடைசிவரை கேட்டார். கையைச் சாக்கில் துடைத்தார்.

"கோடு போனாப் போவுது சாமி. மலை இழுத்துச்சோ, மண்ணு இழுத்துச்சோ. அளக்க வந்தவன ஊட்டுல உக்கார வெச்சுச் சோறு போட்டாங்களே, அதை எந்த மலை பண்ணுச்சு? எம்பட அண்ணன் எனக்குத் தெரியாம அதைப் பண்ணலாமா?"

அதைப் பண்ணியது நான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. இருபத்துமூன்று வயது, வாத்தியாரம்மா, நாற்பது பிள்ளைகளை மிரட்டுகிறவள். அப்பாவின் முன்னால் காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் பெரியப்பா போய்விட்டார். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. அப்பா தம்பி செய்யவேண்டிய எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தார். தோள் கொடுத்தார், மொட்டை அடித்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டுக்கு இலை போட்டதும் துண்டை எடுத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பெரியம்மாவின் முன்னால் சும்மா போய் நின்றேன். அக்காவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே இருந்தாள்.

"உங்கப்பன் இன்னிக்குங் கை நனைக்கலையா?" என்றார் பெரியம்மா.

எனக்குத் தாங்கவில்லை. "பெரியம்மா, அன்னைக்கு அந்த சர்வேக்காரர எங்கப்பா சொன்னாங்கன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தது நாந்தானுங்க. எங்கப்பா சொல்லவே இல்லீங்க."

"தெரியுஞ் சாமி."

அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரியே இவ அழுதுக்கிட்டுச் சொல்லிப்போட்டா. உங்க பெரியப்பா தூங்கவே இல்லை. விடிஞ்சதும் தம்பிகிட்டச் சொல்லிப்போடறேன்னுதான் உங்க ஊட்டுக்கு வந்தாங்க. வந்தவங்க சொல்லாமத் திரும்பிட்டாங்க. கேட்டதுக்கு, 'அந்தப் புள்ள காலுல போட்ட வரி இன்னும் ஆறலை. இதையுஞ் சொன்னா அவன் அடிச்சே கொன்னுபோடுவான். என்னையத் திருடன்னு நெனைச்சுட்டுப் போறான் போ. பத்து நாளு போனாக் கோவம் ஆறிரும்'னாங்க."

சுவரைச் சுற்றி எங்கள் வாசலுக்கு வந்தேன். அம்மா அப்பாவுக்குக் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், அந்தப் பொய்யை, கோழிக்குழம்பை, எல்லாவற்றையும். அப்பாவின் கை தரையில் ஊன்றியபடி இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேங்க. எங் கால் வரியப் பாத்துட்டுத்தான் உங்ககிட்டச் சொல்லாமப் போனாங்களாம்."

அப்பா என் காலைப் பார்க்கவில்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். கூழைத் தொடவில்லை. பிறகு எழுந்து கை கால் கழுவிக்கொண்டு, சுவரைச் சுற்றிப் போனார். நான் பின்னாலேயே போனேன். அங்கே பந்தி முடிந்து வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா போய்த் தரையில் உட்கார்ந்தார். பெரியம்மா ஒரு இலையை நறுக்கிப் போட்டு, அண்டாவின் அடியில் இருந்த சோற்றைச் சுரண்டி வைத்து, ரசம் ஊற்றினார். அப்பா தலை நிமிராமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். இலை காலியானதும் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்றார்.

அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை. பெரியம்மா உலை வைக்கப் போனார். அப்பா அந்த வெறும் இலையின் முன்னால், சோறு வேகிறவரை உட்கார்ந்திருந்தார்.